சம்பந்தி வீட்டு டிராக்டரும் என் இடது காலும்

பிள்ளைப்பாக்கம்,
மார்கழி, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய சம்பந்தி ஏகாம்பரம் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற நரசிம்மன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கங்காவும் கல்யாணப்பெண் இசைவாணியும் சௌக்கியம். படப்பையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை ரகுவும் சௌக்கியம்தானே? டிராக்டரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்றாள் கங்கா. தங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் கடிதம்.

ஊரில் இருக்கிற டிராக்டரெல்லாம் பிளாட்டுக்கு மண் அடிக்கப் போய்விட, ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே நவரை நடவுக்குக் கழனியைச் சேறாக்கிச் சேடை ஓட்ட வழியில்லாமல் நான் தவித்தபோது, கேட்ட மறுநாளே தாங்களே ஓட்டிவந்து விட்டுப்போனீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் செய்த கைம்மாறைக் கேளுங்கள். முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் பாதிக் கழனியில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, ஒரே கருகல் வாடை. சோறு கொண்டுவந்த கங்கா, "அய்யய்யோ, அடுப்ப அணைச்சனா இல்லியா?" என்று வரப்பிலேயே தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நான் வண்டியை எப்படியோ உருட்டிக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்து, "வண்டி எப்டி ஓடுது மாமா?" என்று கேட்டார். "பறக்குது மாப்ள" என்று சொல்லிவிட்டேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

ஒரகடம் கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்கிற ஜோயல் லீவு நாளில் டிராக்டர் பார்ப்பான். அவனைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தான். ஒரு இன்ச்சாவது லேசாக இறங்கி, அதற்கப்புறம்தான் கெட்டியாக வேண்டுமாம். இது தொட்டதுமே கெட்டி. "ப்ளேவே இல்ல சார்" என்றான். பிறகு பிரேக்கை மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டான். "இந்நேரம் இன்ஜின் ஆஃப் ஆவணும். இது பாட்டுக்கு ஓடினு கீது பாரு சார். ப்ளேட்டு வழுக்குது." ராடில் இருக்கிற நட்டைத் தளர்த்தி ப்ளே வைக்கப் பார்த்தால், திருக மரையே மீதியில்லை. "இத்தினி வருசமா தேயத்தேய லூஸ் பண்ணியே ஓட்டிகிறாங்க. பெடல் மேல யாரு சார் கால வெச்சிகினே ஓட்டறது?" என்றான். நான்தான், என் கால்தான் என்றேன். "ரெண்டு நாள்ல இப்டி தேயாது சார்" என்றான். என் கால் கனமான கால் என்றேன். அவன் விடாமல், "வண்டிய இங்க கொண்டாந்தது யாரு? அவரு கால எங்க வெச்சிருந்தாரு?" என்று கேட்க ஆரம்பித்ததும், சம்பந்தி காலைப் பற்றி என் வாசலில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அதட்டிவிட்டேன். நான் என்னவோ பயந்துபோய் கியர் மாற்றும் நேரம் தவிர இடது காலை மடித்துச் சீட்டின் மேலேதான் வைத்திருந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சொல்லவில்லை, தாங்கள் இதைப் படிக்க வேண்டாம். தவறு என் கால் மீதுதான்.

ப்ளேட்டைப் பார்க்க வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். கங்கா வாசலை மறித்து நின்றுவிட்டாள். "நிச்சயம் பண்ண வூட்டுல, அதுவும் மார்கழில, மாப்ள வூட்டு வண்டிய ரெண்டா பிரிச்சி போடுவியா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?" என்றாள். ஜோயல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போய்விட்டான். கழனி பாதியில் கிடக்கிறது, எனக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் தாங்கள் தாம்பூலத்தட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோலவே இருக்கிறது. சம்பந்தி, வண்டிக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எனக்குக் கொடுங்கள், தையில் வைத்த கல்யாணத்தை மட்டும் ஒன்றும் செய்துவிடாதீர்கள். என் பெண் ஆசைப்பட்டுவிட்டாள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். வண்டிக்கும் தங்கள் ஆசி தேவைப்படுகிறது.

பணிவுடன்,
பி. நரசிம்மன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இசைவாணி இதைப் படித்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் போனைப் பிடுங்கித் தாங்கள் சொன்னதை எழுத்தில் ஒருமுறை பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்: "சம்பந்தி, அது என் காலுங்க. கிளட்ச் இன்னிக்கோ நாளைக்கோன்னு தெரியும். பொண்ணு வூட்ல மொதமொதல்ல ஒண்ணு கேக்கறாங்க, எப்டி இல்லன்றதுன்னு குடுத்துட்டேன். எங்க வண்டி நடுக்கழனில நின்னு நீங்க பொண்ணு குடுக்க மாட்டேன்னுடுவீங்களோன்னு தூக்கமே இல்ல, அதான் பையன வுட்டுப் போன் பண்ண சொன்னேன்." தாங்களும் தூங்கவில்லை என்று கேட்டதும்தான் நான் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜோயல் வருகிறான். இரண்டு சம்பந்திகளும் பக்கத்தில் நின்றால் வண்டியைப் பிரிப்பதில் தோஷமில்லை என்று கங்காவும் இறங்கிவந்துவிட்டாள், அவசியம் வரவும். மறுபடி எழுதக் கை வலிக்கிறது, இதையே அனுப்புகிறேன். மேலே என் கால் என்று வருகிற இடத்திலெல்லாம் தங்கள் கால் என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.