மனந்திறப்பாளரும் ஒரு வெள்ளாடும்

மனிதரில் ஓர் இனம் உண்டு. மனந்திறப்பாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒருவர் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பதைக் கண்டால் இவர்களுக்குப் பொறுக்காது. செத்தவீட்டில் உங்களுக்குப் பக்கத்தில் வந்து குந்தி, கையைப் பிடித்து, "எப்பிடி நடந்தது? முதலிலயிருந்து சொல்லுங்கோ" என்பவர், கால் முறிந்து கிடப்பவரிடம் லொறி எந்தப் பக்கத்தால் வந்தது என்று விசாரிப்பவர், புருஷனை இழந்தவளிடம் கலியாணப் பட அல்பத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுபவர், எல்லாரும் இந்த இனந்தான். சாதாரண காலத்தில் இவர்களால் பெரிய தீங்கில்லை. யுத்த காலத்தில் இவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள்.

யோகலிங்கம் சேர் அப்படித்தான் உருவானார். கூட்டுறவுக் கடையில் மனேஜராக இருந்தவர், ஒரு தொண்டு நிறுவனத்தின் மூன்று நாள் பட்டறைக்குப் போய், உளவளத்துணையாளராகத் திரும்பி வந்தார். 'பேசினால் பாரம் குறையும்' என்று அங்கே சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'ஆனால் அவசரப்படுத்தக் கூடாது' என்று அடுத்ததாகச் சொன்னபோது தேத்தண்ணி வந்துவிட்டது. சுனாமிக்குச் சில மாதங்களின் பின் கிண்ணியாப் பெண்களை வட்டமாக இருத்தி, "கண்ணை மூடுங்கோ, கடற்கரையில நிற்கிறியள், அலை மெல்ல மெல்ல உங்களை நோக்கி வருது" என்று சாந்தப்படுத்தியவரும் இவரே. வட்டம் கலைந்த வேகத்தில் இரண்டு கதிரை முறிந்தது.

இரண்டாயிரத்து ஏழில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, கிழமைக்கு ஒருநாள் நடந்த மனநலக் கிளினிக்கில் சேருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். டொக்டரிடம் போவதென்றால் அந்த அறைக்கூடாகத்தான் போகவேண்டும். வந்தவரைச் சுவரோடு இருத்துவார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார், இரகசியத்துக்காக. கதவுக்கு முன்னால் தன் கதிரையைப் போட்டுக்கொண்டு, கண்ணீர் துடைக்கும் கடதாசிப் பெட்டியை முன்னே தள்ளுவார். அழுதால் டொக்டரிடம் விடுவார். அழாவிட்டால்? "நீங்கள் இன்னும் ஆயத்தமாகேல்ல. அடுத்த கிழமை வாங்கோ."

இரகசியம் காப்பதிலும் அவர் கெட்டி. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில், "பேர் சொல்லமாட்டன், அது எங்கட தொழில் தர்மம்" என்பார். "நிலாவெளி றோட்டில, தையல்கடைக்குப் பின்வீடு, பச்சைப் படலை. அவ்வளவுதான் சொல்லுவன்."

இந்த மனிதரிடந்தான் குச்சவெளிப் பூரணி வந்து மாட்டினாள். அவளுடைய மூத்த மகனை ஒரு விடியற்காலையில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. இளையவனை அவள் ஓரிடத்தில் ஒளித்து வைத்திருந்தாள். அண்மையில் பக்கத்து வீட்டுக் கமலாதேவி வேலிக்கு மேலால் எட்டி, "அக்கா, நித்திரையில கதைக்கிறியள். சின்னவன்ட பேரும் வருது, இடத்தின்ட பேரும் வருது" என்று சொல்லிவிட்டாள். படையினரின் காவலரணோ அவள் வீட்டு ஒழுங்கை முகப்பில். அன்றிலிருந்து பூரணி நித்திரை கொள்ளவே பயந்தாள். கண் சொருகினால் சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். வாய் திறக்காமல் படுக்க ஒரு குளிசை கிடைக்காதா என்றுதான் அத்தனை சோதனைச்சாவடியிலும் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வந்தாள். வந்த இடத்தில் வாயைத் திறவுங்கோ என்கிறார்கள்.

"கதைக்க ஏலாது, சேர். நித்திரைக்கு மருந்துதான் வேணும்."

"பயப்பிடாதேங்கோ. இஞ்ச நீங்கள் பாதுகாப்பாய்..."

தண்ணீருக்கடியால் வருபவர்களை விரட்டத் துறைமுகத்துக்குள் கடற்படை வழக்கமாகப் போடும் வெடி ஒன்று விழுந்தது. சன்னல் அதிர்ந்தது. சேர் மேசைக்குக் கீழே போய், பேனையைத் தேடியவர்போல் எழும்பி வந்தார்.

"...இருக்கிறியள். சரி, அடுத்த கிழமை வாங்கோ."

அடுத்த கிழமை, வெளியே காத்திருப்போருக்கான நீள வாங்கிலில் பக்கத்தில் இருந்த கிண்ணியா மைமூனா, அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

"அழல்லியா புள்ள? அப்ப மருந்து கிடைக்காது. நான் ஒண்டு தாறன், கொண்டு போ. எங்கட ஊட்ட ஒரு வெள்ளாடு நிண்டிச்சு. ஷெல் அடிக்கக்குள்ள நாங்க பங்கருக்குள்ள பாஞ்சிட்டம், ஆட்ட மறந்திட்டம். வயித்தில குட்டி. வாசல்ல நிண்டு எங்களக் கூப்பிட்டுக் கத்திக்கிட்டே நிண்டிச்சு. குட்டி எண்டு சொல்லக்குள்ள சேர் அழுவாரு. அவர் அழுதாப் போதும்."

"ஐயோ, பிறகு ஆடு செத்துப்போச்சோ?"

"எங்க செத்த? ரெண்டு குட்டி போட்டிச்சு. மகள்ட கலியாணத்துக்குத்தான் அறுத்த."

"வேற ஆரும் இதைச் சொன்னவையோ?"

"நாலு பேரு சொல்லிட்டாங்க. ஒருத்தருக்கும் பிழைக்கல்ல, எல்லாருக்கும் மருந்து கிடைச்சிச்சு."

பூரணி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. "எங்கட வீட்டில ஒரு வெள்ளாடு நிண்டது" என்று தொடங்கினாள். குட்டி என்றதும் சேர் கடதாசியை உருவினார். வாசலில் நின்று கூப்பிட்டது என்ற இடத்தில் பூரணியும் உண்மையாகவே அழுதாள். ஆட்டுக்காக அல்ல. ஆனால் ஆடு முன்னால் நின்றபடியால் பின்னால் நின்றவனைச் சேர் காணவில்லை. "இப்பதான் எனக்கு நிம்மதி" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு அவளை உள்ளே விட்டார்.

டொக்டர் தலையை நிமிர்த்தி, "கதவைத் திறந்து விடவோ, சாத்தவோ? விருப்பமான இடத்தில இருங்கோ" என்றாள். பூரணி வாசல் தெரியும் கதிரையில் இருந்தாள்.

"சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டாம். என்ன செய்யுது?"

"நித்திரையில கதைக்கிறன், டொக்டர். கதைக்காமல் படுக்க வேணும்."

என்ன கதைக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்கவேயில்லை. அதைக் கேட்காத முதல் ஆள் அவள்தான். பூரணிக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

"குளிசை தாறன், நித்திரை வரும். கதைக்கிறது முழுக்க நிண்டிடும் எண்டு பொய் சொல்லமாட்டன். றோட்டுப் பக்கம் படுக்காமல் உள்ளறையில படுங்கோ."

யோகலிங்கம் சேர் இத்துடன் விட்டாரா? ஐந்து பெண்கள், ஐந்து ஊர், ஒரே ஆடு! பெரிய கண்டுபிடிப்பல்லவா? உப்புவெளி ஹோட்டலொன்றில் நடந்த அடுத்த பட்டறையில், "எங்கட மாவட்டத்தின்ட ஆறாத காயம் ஆடு" என்று தழதழத்தார். தொண்டு நிறுவனமும் அழுதது. மறு மாதமே ஐந்து வீட்டிலும் ஆடு வந்து இறங்கியது. பூரணியின் ஆடு தனிமை தாங்காமல் இரவு முழுக்கக் கத்தியது. வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு அந்தச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. பூரணி சீலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் படுத்தாள். சேர் தம் வாழ்நாளில் செய்த ஒரே வைத்தியம் அது, அதுவும் தெரியாமல் செய்தது.

நல்ல காலம், நீங்கள் அந்த இனமில்லை. பிறர் துக்கத்தைத் தோண்டுகிற ஆளா நீங்கள்? ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பூரணியின் மகனை அந்த விடியற்காலையில் எப்படிக் கூட்டிப் போனார்கள், சின்னவனை எங்கே ஒளித்தாள் என்று இவ்வளவு நேரமும் சொல்லவில்லையே என மனதுக்குள் ஒரு சின்ன அரிப்பு இருக்கிறதோ? கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தீர்களோ?

சரி, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அவர்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு நின்றது.