மச்சான் கொண்டுவந்த செம்புக் காசு

"டெய்லரே, பாதிக் காசு காந்தத்துல ஒட்டுது. உள்ள இரும்பு, மேல மட்டும்தான் செம்புப் பூச்சு" என்றாள் பழைய இரும்புக் கடைக்காரம்மா.

"வெளிநாட்டுக் காசும்மா அது!"

"வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் இரும்பு கசக்குமா? ஒட்டாததை நிறுத்துக்கறேன். ஒட்டினதை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

டெய்லருக்கு முகம் தொங்கிப்போனது. தையல் மிஷின் மோட்டார் புகைந்து படுத்துவிட்டது. பேண்டு வாத்தியக்காரர்களின் கோட்டுகளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவரோ கடன் என்றாலே காது கேட்காதவர். வீட்டில் சட்டென்று விற்கக்கூடிய பொருள் எது என்று தேடினால், இந்த டப்பாக் காசுதான் கிடைத்தது.

அத்தனையும் மச்சான் கொடுத்தது. மனைவியின் தம்பி, கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. முதல் தடவை கிளம்பும்போது அப்பா இல்லாத பிள்ளை கண் கலங்கி நின்றான். அவனைச் சிரிக்க வைக்கத்தான், "போற நாட்டுல எல்லாம் எனக்கு ஒரு செம்புக் காசு கொண்டா மாப்ள" என்று டெய்லர் சொல்லிவைத்தார். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு லீவுக்கும் பை நிறையக் காசு. ஒவ்வொரு காசுக்கும் ஒரு துறைமுகம், ஒரு கதை. டெய்லர் எந்தக் கதைக்கும் கொட்டாவி விட்டதில்லை. அவனை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

'அவன் வர இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது செஞ்சுக்கலாம்' என்று மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்தார். கிடைத்த பணத்தைக் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து, மோட்டார் பக்கத்திலேயே மத்தியானம் வரை காவல் இருந்துவிட்டு, தேறாத காசு சட்டைப் பையில் குலுங்க வீட்டுக்கு வந்தார்.

மனைவி வாசலிலேயே நின்றாள். "ஏங்க, கப்பல் சீக்கிரமே வந்துடுச்சாம்! தம்பி காலையிலயே இறங்கிட்டானாம். சாயங்காலம் இங்க இருப்பான். வந்ததும் முதல் வேலையா உங்க காசு டப்பாவைப் பாக்கணுமாம்."

நூல் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, டெய்லர் ஓட்டமும் நடையுமாகப் பழைய இரும்புக் கடைக்குப் போனார்.

"அது அப்பவே போயிடுச்சே" என்றாள் கடைக்காரம்மா. "செம்பு எங்க கடையில ஒரு வேளை தங்காது."

திரும்பி வந்தவர் தையல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். டப்பாவில் சட்டைப் பட்டன்களைக் கொட்டி நிரப்பி, மேலே அந்த இரும்புக் காசுகளைப் பரப்பினார். பார்வைக்குக் குறையில்லை. தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

"கிலுகிலுப்பை வாங்கியிருக்கீங்களா? இந்த வயசுல யாருக்குங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

கனம் வேண்டும். உலோகம் வேண்டும். டப்பாவில் இருந்ததையெல்லாம் வெளியே கொட்டினார். எதிரே கொடியில் பேண்டு கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஊதுகொம்பு பொறித்த பித்தளைப் பட்டன்கள். ஒரு கோட்டில் மட்டும் வெட்டலாம் என்றுதான் கத்தரிக்கோலை எடுத்தார். டப்பாவில் அது மூலைக்குக் கூடப் போதவில்லை. ஆனது ஆகட்டும் என்று எல்லாக் கோட்டையும் மொட்டையடித்தார்.

கடைசிப் பட்டனையும் டப்பாவில் போட்டு, மேலே இரும்புக் காசைப் பரப்பி மூடும்போது கதவு திறந்தது. பேண்டு மாஸ்டர்.

"கோட்டு எப்படி வந்திருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு... ஐயோ! பட்டனெல்லாம் எங்க?"

"பாலிஷுக்குப் போட்டிருக்கேன் மாஸ்டர். காசு வேண்டாம், நம்ம அன்பு."

"உங்க அன்பை யாரு கேட்டா? பட்டன் வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்று மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து நின்றான். "அத்தான்!" என்று கட்டிக்கொண்டான். எஞ்சின் சூட்டில் கறுத்து, பாதியாக இளைத்திருந்தான். இந்தப் பிள்ளைக்கா இந்தத் துரோகம்!

"நீ கொடுத்த வெளிநாட்டுக் காசெல்லாம் இதோ" என்று அக்கா டப்பாவை எடுத்து முன்னால் வைத்தாள். மச்சான் அடிவரை கைவிட்டு ஒரு பிடி அள்ளினான். உள்ளங்கை நிறையப் பித்தளைப் பட்டன்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இதென்ன, எந்த நாட்டுக் காசுல எங்க குழுவோட ஊதுகொம்பு இருக்கு?"

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுவா?" மச்சான் பட்டனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கொஞ்சம் தடுமாறினான். "இது... ஒரு தீவுல வாங்கினது. அந்த ஊரு ராஜாவுக்குக் கொம்பு ஊதறதுன்னா உயிரு. ரொம்ப அபூர்வமான காசு. பத்திரமா வச்சிருக்கீங்களே அத்தான்!"

மாஸ்டருக்கு வாய் பிளந்தது. டெய்லருக்குத் தாங்கவில்லை. தன் மானத்தைக் காப்பாற்ற, சபையில் இப்படிப் பொய் சொல்கிறதே இந்தத் தங்கம்! இனியும் மறைத்தால் சோறு இறங்காது.

"மாப்ள, என்னை மன்னிச்சிரு. நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்..." என்று அவன் கையைப் பிடித்தார்.

மச்சான் இடைமறித்தான். "இல்ல அத்தான், நான்தான் உங்ககிட்ட..."

வாசலில் யாரோ செருமினார்கள். எப்போதும் மச்சானை ஏற்றி வருகிற வாடகை வண்டிக்காரர், கனத்த துணிப்பை ஒன்றை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், காசுப் பையை வண்டியிலயே விட்டுட்டீங்களே! இது இல்லாம அத்தான் முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதானே ஒவ்வொரு லீவுக்கும் பழைய இரும்புக் கடையில வண்டியை நிறுத்தச் சொல்லுவீங்க... இன்னைக்குக் காலையிலதான் யாரோ வித்துட்டுப் போன புதுச் சரக்கு வேற!"