கேபிள் அண்ணனும் மேல்காற்றும்

காரைக்காலில் வீசுகிற காற்றுக்கெல்லாம் தானே பொறுப்பு என்று நினைத்த ஒரே மனிதர் எங்கள் கேபிள் அண்ணன்தான். மாடிக்கு மாடி தாவி ஒயர் இழுப்பது தொழில். ஆனால் ஓர் எருக்கம் விதை வெள்ளை முடியை விரித்துக்கொண்டு மிதந்து வந்தால் போதும், ஒயரைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுவார். தெரு முழுக்க சீரியல் நின்றுபோகும்.

"அண்ணே, படம் வரலைங்க!"

"இருங்கம்மா, இது எங்க இறங்குதுன்னு பாத்துட்டு வந்துடுறேன்!"

கடற்கரை மணலில் உருண்டோடிய ராவணன் மீசைப் புல்லின் முள்பந்தைத் துரத்தி, காயப்போட்ட வலையில் விழுந்து திட்டு வாங்கியதும் உண்டு.

எங்கள் தெரு ஜெசிந்தா அக்கா வீட்டு இலவ மரத்தில் ஏறக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஈஸ்டர் கழிந்து அக்கா மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். சீர் மெத்தையும் தலையணையும் சொந்த மரத்துப் பஞ்சில்தான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று.

"எப்பங்க பறிப்பீங்க?"

"பச்சையில பறிச்சா பஞ்சு ஈரமா இருக்கும் அக்கா, கட்டி தட்டிடும். ஓடு காயட்டும். மரத்துக்குத் தெரியும், ஈரக் காத்துல அது வாயைத் திறக்காது."

"மரத்துக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?"

பங்குனி கடைசிச் செவ்வாயன்று காய்களைத் தட்டிப் பார்த்து, "நாளைக்குக் காலைல" என்றார். அன்று மதியமே கடல்காற்று ஓய்ந்து, மேற்கிலிருந்து மேல்காற்று அனலாக அடித்தது. காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்தன. என் ரசத்தில் பஞ்சு. எதிர்வீட்டு மீன்குழம்பில் பஞ்சு. தெருநாய்க்கு வெள்ளைத் தாடி. அண்ணன் கொசுவலையை விரித்துக்கொண்டு ஓட, பின்னாலேயே அக்கா:

"பாவி! எம்புள்ள சீரு பறக்குதுடா!"

சாயந்தரம் அவர் வீடு வீடாக வந்தார், தலை நிமிராமல். சன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, துணிக்கொடி என்று ஒட்டியிருந்ததை எல்லாம் வழித்து கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தோம். மெத்தைக்குப் போதவில்லை, அதைக் கடையில் வாங்கினார்கள். இரண்டு தலையணை தேறியது. விதை பொறுக்கத்தான் நேரமில்லை.

கல்யாணத்தன்று மாமியார் தலையணையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"நல்ல இலவம்தான்" என்றார் அந்தம்மா.

ஸ்டெல்லா ஒரு தலையணையை வேனில் ஏற்றவிடாமல், மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள்.

"விதை உறுத்துது அண்ணே."

"கிடக்கட்டும்மா. போற வீட்டுல கொல்லை இருக்குல்ல? ஊனி வைம்மா."

கார் பூவம் பக்கம் போய் மறைந்த பிறகும் அண்ணன் நகரவில்லை. காற்று நன்றாகத்தான் அடித்தது. அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.