எங்கள் வீட்டுத் தேர்தல் முடிவு

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
2-9-1947

மதிப்புக்குரிய அத்தான் ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு மைத்துனன் பவுல்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு தேவ கிருபையால் எல்லாரும் சுகம். தங்கள் சுகத்துக்கும் அக்காளின் முழங்கால் சுகத்துக்கும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினோம்.

தங்கள் மகன் ஞானதாஸுக்கு எங்கள் கிளாடிஸை வருகிற தை மாதம் கட்டிக்கொடுப்பதாக நான் தந்த வாக்கு தோற்றுப்போய்விட்டது. இதை வருத்தத்தோடு அல்ல, பெருமையோடு தெரிவிக்கிறேன். ஆகஸ்டு பதினைந்தில் மாதா திருநாளும் தேசத்தின் விடுதலையும் சேர்ந்து வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பூசை கண்டு, கொடியேற்றம் பார்த்து, வீட்டில் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்ததும், "இன்றுமுதல் இந்த வீட்டிலும் ராஜாங்கம் ஒழிந்தது. எதுவானாலும் வோட்டுத்தான்" என்று அறிவித்தேன். கிளாடிஸ் தட்டை நகர்த்திவிட்டு, "அப்போ எனக்குக் கல்யாணமா, டெலிபோன் ஆபீஸ் வேலையா, அதையே முதல்ல எடுங்கப்பா" என்றாள். யாருக்கெல்லாம் வோட்டு என்று சின்னவள் நோரா கேட்டாள். வாயில் சோறு இருந்ததால் யோசிக்காமல், "இந்த வீட்டில் சாப்பிடுகிற எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டேன். பாத்திரம் தேய்க்கிற முத்தம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, "நானும் இங்கதான் துன்றேன் ஐயா. அப்போ எனக்கும் கீதுல்ல?" என்றாள். சட்டம் சட்டம்தானே, கொடுத்தேன். கல்யாணத்துக்குப் புளியங்கொட்டை, வேலைக்கு மொச்சை, காலி ஊறுகாய் ஜாடிக்குள் மறைவாகப் போடவேண்டும். மர்சலின் என் மனைவி, என் பக்கம்தான். கிளாடிஸ் கல்யாணமாகிப் போனால் அவள் கட்டில் நோராவுக்கு, அதனால் நோராவும் என் பக்கம்தான். ஆக, ஜெயம் நமக்கே என்று இன்னொரு கரண்டி பிரியாணி போட்டுக்கொண்டேன். முத்தம்மா ஜாடியைக் கவிழ்த்தாள். மொச்சை, மொச்சை, மொச்சை, இன்னொரு மொச்சை, ஒரே ஒரு புளியங்கொட்டை. "யார்தோ ஒண்ணு தனியா கீது, பாவம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் மர்சலினைப் பார்த்தேன். "ரகசிய வோட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் அவள்.

அத்தான், வெள்ளைக்காரன் கப்பலேறுவதை ஊரே பார்க்கிறது. இருபத்திரண்டு வருஷம் இந்த வீட்டை ஆண்ட நான், பிரியாணியை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு தட்டுகூட உடையாமல் பதவி இறங்கினேனே, அதை யார் பார்த்தார்கள்? நேற்று கிளாடிஸ் முதல்நாள் வேலைக்குப் போனாள். நானே போய் டிராமில் ஏற்றிவிட்டேன். தோற்ற கட்சிக்காரன் இத்தனை சந்தோஷமாகக் கையாட்டி மயிலாப்பூர் அதற்குமுன் கண்டிருக்காது. ஆகவே ஞானதாஸுக்கு வேறு நல்ல இடமாகப் பாருங்கள். கோபம் வேண்டாம், இது ஜனங்களின் தீர்ப்பு.

அக்காளுக்கு என் தோத்திரம். திருக்குடும்பம் தங்கள் வீட்டையும் அதில் சாப்பிடுகிற எல்லாரையும் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
பவுல்சாமி

பி.கு.: உறையில் போடுமுன் கிளாடிஸ் இதை வாசித்துவிட்டாள். "கல்யாணமா வேலையான்னுதானேப்பா கேட்டீங்க. ஞானதாஸ் அத்தானைப் பிடிக்குமான்னு யார் கேட்டா?" என்கிறாள். பிடிக்குமாம். ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அவனையே கட்டிக்கொள்வதென்று இரண்டு பேரும் ஈஸ்டருக்கே பேசி முடித்துவிட்டார்களாம். எனவே வேறு இடம் பார்க்கவேண்டாம். இதையும் ஒரு வோட்டுக்கு விட்டுப்பார்ப்போமா என்று கேட்டேன். "இதுல உங்க யாருக்கும் வோட்டு கிடையாது" என்று சொல்லிவிட்டாள்.