பார்லி பாட்டிலுக்கு ஒரு சாட்சி

"சாராயமா இல்லையான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்யா!" என்று ஏட்டு ஜக்கையன் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"அது தெரியணும்னா நான் முன்னாடியே சாராயம் குடிச்சிருக்கணுமில்ல ஏட்டையா?" என்றார் பிச்சைமணி. ஏலக்காய் மண்டியில் தரம் பார்க்கிறவர். காயை மோந்தே எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடும் மூக்கு அவருடையது.

இருவருக்கும் நடுவே, போடி ஸ்டேஷன் மேஜைமேல் ஒரு கறுத்த பாட்டில். காலையில் மலையிலிருந்து இறங்கிய பஸ்சில், எஸ்டேட் பங்களாச் சமையல்காரர் திருப்பதியின் பைக்குள்ளிருந்து ஜக்கையன் எடுத்தது.

மதுவிலக்கு நடக்கும் ஊரில் மூன்று வருஷமாகக் குரங்கணி மலைச் சரிவில் யாரோ சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஜக்கையன் முட்டி தேய ஏறிப்போய்ப் பார்த்தால் அடுப்பு ஆறிக் கிடக்கும், ஆள் இருக்காது. வெறுங்கையோடு திரும்பும் மனுஷனுக்கு இருந்த ஒரே ஆறுதல், ஸ்டேஷன் வாசலில் கடை போட்டிருக்கும் மூக்கம்மாள் தரும் சுக்குத்தண்ணி. அவருக்கென்று தனிச் செம்பே வைத்திருந்தாள். இரண்டு டம்ளர் உள்ளே போனதும் மனசு லேசாகிவிடும். "நாளைக்கு எந்தப் பக்கம் சோலி ஏட்டையா?" என்று அக்கறையாகக் கேட்பாள். அவரும் சொல்வார். ஊரிலேயே அவர் வேலையை மதித்து விசாரித்தவள் அவள் ஒருத்திதான்.

இன்ஸ்பெக்டர் அப்படி இல்லை. "இந்த மாசமும் கேஸ் பிடிக்கலைன்னா உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று சொல்லிவிட்டார். மகள் சந்திரவல்லிக்குப் போடியிலேயே மாப்பிள்ளை பேசியிருந்த நேரம். இன்ஸ்பெக்டர் இன்று மாலை ஐந்து மணிக்கு வருகிறார். கேஸும் கையில் இருக்கிறது. ஆனால் அது கேஸ்தானா?

"பார்லிங்க ஏட்டையா" என்று காலையிலிருந்து திருப்பதி ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். "சீமையில பார்லியை ஊறவச்சு, பத்து வருஷம் பீப்பாயில தூங்க வச்சது. எங்க துரை மேகமலைத் துரைக்குக் கிறிஸ்மஸுக்குக் கொடுத்தனுப்பினாரு."

பார்லி என்றால் ஜக்கையனுக்குத் தெரிந்தது நீர்க்கடுப்புக்குக் காய்ச்சும் கஞ்சி. கஞ்சிக்காக ஒரு ஆளை உள்ளே தள்ள முடியுமா? பட்டணத்துக்கு அனுப்பிச் சோதித்தால் முடிவு வர ஒரு மாதம் ஆகும். குடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட உள்ளூரில் ஒரு சாட்சி கிடைத்தால் போதும் என்றுதான் மூடியைத் திறந்தார்.

பிச்சைமணி ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். "கருகின வெல்லம்... உலர்ந்த திராட்சை... ஆரஞ்சுத் தோலு. கடைசியில ஒரு கசப்பு வருது பாருங்க, நல்ல கசப்பு."

"சாராயமா?"

"இன்னொரு வாய் ஊத்துங்க, யோசிக்கிறேன்."

நான்கு முறை யோசித்தார். பிறகு, தான் குடும்பஸ்தன் என்றும், அந்த மாதிரி ருசியெல்லாம் தனக்குத் தெரிய நியாயமில்லை என்றும் சொல்லி, தூணைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

அடுத்து ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சீனிச்சாமி வந்தார். இரண்டு ஸ்பூன் குடித்தார். "டானிக்குங்க. சாப்பாட்டுக்கப்புறம் குடிக்கணும்" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் எப்படி இருக்கிறது என்றும் டம்ளர் நிறைய ஊற்றிப் பார்த்தார். "டானிக்குன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். சாராயம்னு எழுதினா என் பொண்டாட்டி 'உனக்கெப்படித் தெரியும்'னு கேப்பா."

பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம். மூலையில் திருப்பதி கண் கலங்கி நின்றார். பிடிபட்ட வருத்தத்தைவிட, இவர்கள் குடித்த விதம்தான் அவரை வாட்டியது.

"மடக்கு மடக்குன்னு குடிக்கிறாங்களே சாமி! டம்ளரைக் கைக்குள்ள வச்சு இளஞ்சூடாக்கணும். நாக்குல நிறுத்தி, என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணாக் கேக்கணும். எங்க துரை எனக்குப் பன்னெண்டு வருஷமாச் சொல்லிக் கொடுத்திருக்காரு."

மணி நாலரை. வேறு வழியில்லை. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுச் சாராயம் தொடாத ஜக்கையன், பரமசிவன் மலைக் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாட்டிலை டம்ளரில் கவிழ்த்தார். தொண்டை எரியும், குமட்டும், தலை சுற்றும் என்று பயந்துகொண்டே குடித்தார்.

ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சுக்குள் இதமாக ஒரு சூடு இறங்கியது. காது மடல் கதகதத்தது. இன்ஸ்பெக்டர்மேல்கூட ஒரு பிரியம் வந்தது. அட, இது தினமும் அனுபவிக்கிற சுகமாயிற்றே! நிச்சயப்படுத்திக்கொள்ள மிச்சத்தையும் குடித்தார். சந்தேகமே இல்லை, மூக்கம்மாள் சுக்குத்தண்ணி செய்கிற அதே வேலை.

அவர் நாணயமான மனுஷன். உண்மையைச் சொன்னார். "திருப்பதி, இது சாராயம் இல்ல. நீங்க போகலாம்."

"வெறும் பாட்டிலைத் தூக்கிட்டா? மேகமலைத் துரைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அப்போதுதான் ஜக்கையனுக்கு உறைத்தது. கேஸும் போயிற்று. குற்றமில்லாத துரையின் சொத்தை ஸ்டேஷனே குடித்துத் தீர்த்தும் ஆயிற்று. வெளியே இன்ஸ்பெக்டரின் ஜீப்பு வந்து நின்றது.

"மூக்கம்மா! என் செம்பை வெரசா கொண்டா! இவருக்கு ஒரு டம்ளர் ஊத்து!"

"அது உங்களுக்குன்னு போட்டது ஏட்டையா. அவருக்கு வேற தாரேனே."

"அட, ஊத்து ஆத்தா. மனுஷன் நொந்து போயிருக்காரு."

அரை மனதாக ஊற்றிவிட்டு, மூக்கம்மாள் வழக்கத்தைவிட வேகமாக வெளியேறினாள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"என்னய்யா, கேஸ் ரெடியா?"

"இல்லீங்கய்யா" என்றார் ஜக்கையன் விறைப்பாக நின்று. "நானே குடிச்சுப் பார்த்துட்டேன். சாராயம் இல்லீங்க. மூணு வருஷமா நான் தினம் குடிக்கிற சுக்குத்தண்ணி மாதிரியேதான் இருக்கு."

மூலையில் திருப்பதி டம்ளரைக் கைக்குள் வைத்து இளஞ்சூடு பார்த்தார். ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தி, துரை கற்றுக்கொடுத்தபடி கண்ணை மூடி, ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மரியாதையாகச் சொன்னார்:

"கருப்பட்டி உடன்குடிதாங்க. சுக்கு கொஞ்சம் பழசு. சாராயம் மட்டும் நேத்து வடிச்சது, குரங்கணித் தண்ணியில."