மாத்திரை மற்றும் அத்தையின் கண்ணாடி சம்பந்தமாக

ஆரணி,
புரட்டாசி மாதம், 1999.

மதிப்பும் பிரியமும் மிகுந்த மாப்பிள்ளை பாலமுருகன் அவர்களுக்கு, மாமனார் சுப்பராயலு ஆரணியிலிருந்து எழுதுவது. இங்கே நானும் என் தறியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். புனாவில் நீங்களும் சுகன்யாவும் பேத்தி காவ்யாவும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்த என் வீட்டுக்காரியாகிய உங்கள் அத்தையும் நலமாக இருக்கப் படவேட்டு ரேணுகாம்பாளை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பொங்கல் முடிந்து பிரசவம் பார்க்க வந்த அத்தை, காவ்யா பள்ளிக்கூடம் சேரும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவள் இங்கே மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைப் பார்சலில் அனுப்பிவைக்கும்படியும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் எனக்குப் பூரண சம்மதம். கண்ணாடியைத் துடைத்து, அதன் கூட்டில் வைத்து, பட்டுத் துண்டு ஒன்றில் சுற்றித் தயாராக வைத்துவிட்டேன். அட்டைப்பெட்டி கிடைத்ததும் அனுப்ப வேண்டியதுதான். ஆரணியில் இப்போது அட்டைப்பெட்டிக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு. புடவைப் பெட்டிதான் தெருத் தெருவாகக் கிடக்கிறதே என்பீர்கள். அவை கண்ணாடிக்கு நீளம் அதிகம்.

கண்ணாடி இல்லாததால் இந்தக் கடிதத்தை அத்தைக்கு நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். ஆகையால் எதை வாசிக்கலாம், எதை வாசிக்க வேண்டாம் என்று அங்கங்கே குறித்திருக்கிறேன். தயவுசெய்து அதன்படி செய்யவும். இதுவரை எழுதியதை வாசிக்கலாம். அட்டைப்பெட்டி விஷயத்தை மட்டும் விட்டுவிடவும், அவளுக்கு ஆரணி தெரியும்.

கடிதத்தின் கடைசியில், “மாமா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதினால் மரியாதையாக இருக்காது என்பதால் விவரமாக எழுதுகிறேன். (இங்கிருந்து வாசிக்க வேண்டாம்.)

எனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது நாலைந்து வருஷமாகத் தெரிந்த விஷயம். தெரியும் என்றால் உங்கள் அத்தைக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டது அவள், சீட்டைப் பத்திரப்படுத்தியது அவள், மருந்துக் கடைக்குப் போய் வந்ததும் அவள்தான். என் பங்குக்கு நான் காலையில் தறியில் உட்காருவதற்கு முன்னால் கையை நீட்டுவேன். ஒரு கையில் மாத்திரை விழும், இன்னொரு கைக்குத் தண்ணீர்ச் சொம்பு வரும். மாத்திரை வெள்ளையா மஞ்சளா என்றுகூடப் பார்த்தது கிடையாது. ரயில் ஏறும்போது ஜன்னல் வழியாக, “ஒரு நாளும் வுட்டுடாதீங்க, ஒரே நேரத்துக்குப் போடுங்க,” என்று வண்டி நகரும் வரை சொல்லிக்கொண்டே போனாள். நானும் விடவில்லை. ஆடி மாதம் வரைக்கும் விடவில்லை.

ஆடியில் இங்கே கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். சும்மா போய் நின்றேன். ஒரு பெண் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, “நார்மலா இருக்குதுங்க ஐயா,” என்றாள். மாப்பிள்ளை, அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வியாதி போய்விட்டது. வயிற்று வலி நின்ற பிறகும் யாராவது கஷாயம் குடித்துக்கொண்டிருப்பார்களா? மிச்சமிருந்த மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் கொளுத்தி, நல்லபடியாக முடித்துக்கொடுத்ததற்கு நன்றி சொல்லி அன்றோடு நிறுத்திவிட்டேன். அத்தையிடம் சொல்லி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

“மாத்தர போட்டீங்களா?” என்றாள்.

“போட்டேன்,” என்றது வாய், பழக்க தோஷத்தில்.

“சாப்புட்டீங்களா?”

“ஆச்சு.”

“கொழந்த அழுவுது, வெச்சிடறேன்.”

அவ்வளவுதான் போன். சொல்ல வேண்டும் என்று மூட்டை கட்டிக்கொண்டு போவது அத்தனையும் அப்படியே திரும்பி வந்துவிடும். பூத்துக்காரர் மீட்டரைப் பார்க்காமல் என் வாயைப் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் நாலு பேர் முறைக்காக நிற்கிறார்கள். நீ இல்லாமல் வீடு பிடிக்கவில்லை என்று அங்கே நின்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்வது? அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வருகிறேன். புனாவின் மழை நிலவரம் இன்றைக்கு ஆரணியில் என்னைவிட யாருக்கும் அதிகமாகத் தெரியாது.

மாத்திரையை நிறுத்திச் சில நாள் ஆகியிருக்கும். தறியில் உட்கார்ந்தால் நெஞ்சு தடக் தடக் என்று அதிர்ந்தது. எங்கள் பின்சுவரை ஒட்டித் தனகோடி விசைத்தறி போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும், நம் தூரத்துச் சொந்தம்தான், என்னை மாமா என்று கூப்பிடுகிறவன். அந்த மிஷின் சுவரை ஆட்டுகிறது, சுவர் தறியை ஆட்டுகிறது, தறி என்னை ஆட்டுகிறது என்று தெளிவாகப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அவன் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

“தனகோடி, ஒன் மிஷினால எனக்கு ஒரே பேஜாரா கீதுப்பா. மனுசன் ஒக்காந்து நெய்யறதா வேணாவா?”

“இன்னாங்க மாமா, ரெண்டு வருசமா ஓடிகினு கீது. இன்னிக்குத்தான் ஒங்க காதுல வுழுந்துச்சா?”

நானும் விடவில்லை, அவனும் விடவில்லை. பேச்சு தடித்து, அவன் கல்யாணத்தில் எனக்குச் சரியாகச் சாப்பாடு போடாதது வரைக்கும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மிஷின் நின்றது. தெருவில் ஓடிய அத்தனை விசைத்தறியும் நின்று கப்சிப் என்றாகிவிட்டது. நான் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தேன்.

“அதான் நின்னுடுச்சேங்க மாமா. இன்னும் ஏன் மொறைக்கிறீங்க?”

“நிக்கலப்பா. ஓடிகினுதான் கீது.”

அவன் என்னைப் பார்த்தான். கிட்டே வந்து என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. “மாமா, இது நம்ம மிஷின் இல்லீங்க. ஜல்தி வண்டியில ஏறுங்க,” என்று தன் டி.வி.எஸ். பின்னால் உட்காரவைத்து டாக்டர் புஷ்பலதாவிடம் கொண்டுபோனான்.

டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டுத் தன் பழைய நோட்டைப் புரட்டினார்.

“மாத்திரை போடறீங்களா?”

“நார்மல் ஆயிடுச்சுங்கம்மா. அதான் நிறுத்திட்டேன்.”

“மாத்திரை போட்டதாலதான் நார்மல். நீங்க நெசவுக்காரர்தானே? தறியில பாவு நூலு சீரா நிக்குதேன்னு, அத இழுத்துக் கட்டியிருக்கிற கயித்த அவுத்து வுட்டுடுவீங்களா?”

இந்த மாத்திரை இதயத்தைக் கொஞ்சம் நிதானமாக அடிக்கவைக்கிறதாம். பெயர் அடினோலால் என்று அந்த நோட்டைப் பார்த்துச் சொன்னார். திடீரென்று நிறுத்தினால் இதயம் முன்னைவிட வேகமாகத் துள்ளுமாம், சில பேருக்கு மாரடைப்பிலேயே கொண்டுபோய் விடுமாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது, தலை சுற்றும். கை கால் சில்லென்று ஆகலாம், பயப்பட வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இத்தனையும் நாலைந்து வருஷத்துக்கு முன்பே உங்கள் அத்தையிடம் சொல்லியாகிவிட்டது என்றார். அவள் இதையெல்லாம் தனக்குள் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு சொம்புத் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“வூட்டுக்காரம்மா எங்க? அவங்கதானே எடுத்துக் குடுப்பாங்க?”

“புனாவுல, பொண்ணு வூட்ல.”

“எப்ப வர்றாங்க?”

அவர் மறுபடியும் காற்றடித்துப் பார்த்தார். முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது.

அன்று முதல் மாத்திரையை மறுபடி ஆரம்பித்து இப்போது கட்டுக்குள் இருக்கிறது. உப்பு விஷயமும் சொல்லியாக வேண்டும். தனகோடி வீட்டில் பாவம் என்று சாம்பார் கொடுத்தனுப்பினார்கள். வாயில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு. ஓட்டலிலும் அப்படித்தான். ஊரே சேர்ந்து உப்பைக் கூட்டிவிட்டதோ என்று விசாரித்தால், அவர்கள் எல்லோரும் எப்போதும் போடுவதுதானாம். உங்கள் அத்தை வருஷக்கணக்காக எனக்குத் தெரியாமலே சிட்டிகை சிட்டிகையாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வீடு நார்மலாக இருந்தது மாப்பிள்ளை. அது தானாகவே அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. இந்த மாத்திரையில் கனவு வருகிறது. தினமும் உங்கள் அத்தை வருகிறாள். வந்து, “பால அடுப்புல வெச்சிட்டு எங்க போனீங்க?” என்று திட்டுகிறாள். நான் பதில் சொல்வதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்தியிருந்த நாட்களில் அவள் கனவில்கூட வரவில்லை, கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். போன வாரம் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, “இந்த மாத்திரையில சில பேருக்கு அப்படித்தான். தொந்தரவா இருந்தா வேற மாத்தித் தரேன்,” என்றார். அவசரமாக, “வேணாங்கம்மா, இதுவே இருக்கட்டும்,” என்றேன். கொஞ்சம் கூட்டிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டேன். அதற்கெல்லாம் கூட்ட மாட்டார்களாம்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் போனில் அத்தை, “புதுசா போட்டுத் தரேன்னாரு மாப்ள. நாந்தான் வேணாம்னுட்டேன். அதான் ஊருக்கு வந்துடப் போறேனே,” என்றாள். அந்தப் பேச்சைத்தான் இத்தனை மாதமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இங்கே இருக்கும்வரை அவள் வந்துவிடுவாள் என்று ஒரு தைரியம். தினமும் காலையில் மாத்திரை போட்டதும் கண்ணாடியைத் துடைத்து வைப்பேன். உங்கள் கடிதத்தில் பார்சல் என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை, கண் தெரியாமல் அவள் எத்தனை நாள் இருப்பாள்? தனகோடி, “நீங்களே போயி பாத்துட்டு வாங்களேன் மாமா,” என்கிறான். பெண் கொடுத்த வீட்டில் மாமனார் போய்த் தங்குவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவதற்குப் புனா என்ன கண்ணமங்கலமா?

(இனி வாசிக்கலாம்.) ஆக, நான் பரம சௌக்கியம். மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன், உப்பைத் தொடுவதில்லை. அத்தை அங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் தாராளமாக இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பேத்தி முக்கியம். கண்ணாடி பார்சலில் வந்துசேரும். நீங்களும் சுகன்யாவும் சகல பாக்கியங்களோடு ரொம்ப காலம் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ ஆசீர்வதிக்கிறேன். காவ்யாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
சுப்பராயலு

பின்குறிப்பு: இது காட்பாடி ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுவது. தபாலாபீசுக்குத்தான் கிளம்பினேன். கண்ணாடி உடையாமல் போய்ச் சேரும் என்று உறுதி சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். அதற்கு மேல் அங்கே என்ன வேலை, நேரே பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டேன். தபாலாபீசுக்குப் போகிறவன் பையில் மாத்திரை அட்டையும் இரண்டு வேட்டியும் எப்படி வந்தன என்று கேட்க வேண்டாம். தறியைத் தனகோடி பார்த்துக்கொள்கிறான். உறையின் மேல் உங்கள் விலாசத்தை இங்கிலீஷில் எழுதிக்கொடுத்ததும் அவன்தான். புனாவில் இறங்கி அதைக் காட்டிக் காட்டி வந்துவிடுவேன். மாமனார் வந்து தங்கும் வழக்கம் இல்லைதான். வாசலில் நிற்கலாம் அல்லவா?

வாசிக்கலாம், வாசிக்க வேண்டாம் என்று மேலே குறித்ததையெல்லாம் அடித்துவிடவும். கண்ணாடி என் சட்டைப் பையில் இருக்கிறது. கடிதத்தையும் நானே கையோடு கொண்டுவந்து தருகிறேன், அவளே வாசிக்கட்டும். அவள் முழுதும் வாசித்து முடிக்கும் வரை நான் வாசலிலேயே நிற்கிறேன். வண்டி விடிகாலையில் வந்து சேரும் என்கிறார்கள், மாத்திரை வேளை தப்பாது. போடாமல் கையிலேயே வைத்திருப்பேன். தண்ணீர் மட்டும் அவளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.