தம்பியின் தகட்டுக்கு அக்காவின் விளக்கவுரை

தம்பி விஞ்ஞானியாகிவிட்ட அக்கா என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லையா? அவர் உங்களைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் அக்கா தையல்காரி. சட்டைக்கு அளவு கொடுக்க இரண்டு கைகளையும் விரித்து நிற்பவர் எங்கே ஓடுவார்? அளவு நாடா கழுத்தைச் சுற்றியதும் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"தங்கத் தகட்டை எங்க தம்பி ஒரு கரைசல்ல முக்கி வைப்பான். அதுல இருக்கிற மூலக்கூறுக்கெல்லாம் தலை கந்தகம், பின்னால நீள வால். தலை போய்த் தங்கத்தைக் கவ்விக்கும். வாலெல்லாம் நெருக்கமா, ஒரே சாய்வுல வரிசையா நிக்கும். யாரும் அதட்ட வேண்டாம்."

"நிக்கலேன்னா?"

"எங்க தம்பி மூலக்கூறு நிக்கும். நீங்க அசையாதீங்க."

அந்தத் தகட்டை ஒரு குழு பார்க்க வருவதாக இருந்தது. குழு தலையாட்டினால்தான் தம்பிக்கு வேலை நிரந்தரம். முந்தின நாள் மதியம் ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார் அக்கா. தம்பி ஏதோ எடுக்க அடுத்த அறைக்குப் போனான். தகட்டில் ஒரு தூசி. நூல் பிசிறைக்கூட விட்டுவைக்காத கை சும்மா இருக்குமா? வாயால் ஊதி, கைக்குட்டையால் ஒற்றி, மூலை முடுக்கெல்லாம் பளபளவென்று தேய்த்து, இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டார்.

தம்பி வந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். வால்களுக்குத் தண்ணீர் ஆகாது; அவற்றின் மேல் முத்தாக உருண்டு நிற்க வேண்டிய சொட்டு, விருந்து முடிந்த மாமனார்போல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"அக்கா, தகட்டைத் தொட்டியா?"

"தொடல. தொடச்சேன். துவைச்ச கைக்குட்டைடா."

"அந்த சோப்புதான்க்கா இப்ப அங்க உக்காந்திருக்கு. ஒரு மூலக்கூறு உயர வரிசை அது. குலைஞ்சு போச்சு."

தம்பி தகட்டைக் கழுவி மறுபடி கரைசலில் இறக்கினான்.

"நான் பக்கத்துலயே நிக்கட்டுமா?"

"வேண்டாம்க்கா. நீ இல்லேன்னாதான் அதுங்க நிக்கும்."

மறுநாள் அக்கா ஒருவருக்கு இடுப்பளவை மூன்று முறை எடுத்தார். கடைசியில் போன் வந்தது. சொட்டு உருண்டு நின்றதாம். குழு தலையாட்டிவிட்டதாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா நாடாவை இறுக்கினார். "தகடு சுத்தமா இல்லீங்க. நான் பார்த்துக் கண்டுபிடிச்சதாலதான் தம்பி மறுபடி முக்கினான்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நாளைக்குள் நீங்களும் யாரையாவது மடக்கி, "தங்கத்து மேல மூலக்கூறெல்லாம் தானா வரிசையா நிக்கும், தெரியுமா?" என்று தொடங்கத்தான் போகிறீர்கள். அக்காவாவது தம்பி சொன்னது என்று சொன்னார். நீங்கள் அதையும் சொல்லமாட்டீர்கள்.